மூன்றாம் மாதம் முடியும் வரை

நீலசந்திரா, பெங்களூர்
22.7.1996

அன்புத் தங்கை தமயந்திக்கு அக்கா மரகதம் எழுதுவது. நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை தணிகாசலம், சம்பந்தியம்மா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குடியாத்தத்தில் இன்னும் வெயில்தானா? இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் வேலைக்குப் போக முடியவில்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். வருஷா வருஷம் வருகிற மாதிரி நீயும் மாப்பிள்ளையும் வந்துவிடுங்கள். அம்மா போனபிறகு உனக்குத் தாய்வீடு என்று இருப்பது என்னுடைய இந்த ஒன்றரை ரூம் போர்ஷன்தான். கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், உனக்குப் பிடித்த நெத்திலி.

ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி. தெருவில் பிள்ளைகளுக்கு முகத்தில் சிவப்பாகப் பொரிந்து, காதுக்குப் பின்னால் நெறி கட்டுகிறது. மூன்று நாளில் தானாக இறங்கிவிடுகிறது. அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலுக்கு வாசல் வேப்பிலை. எங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கும் சிஸ்டர் டோரீனிடம் சொன்னேன். "மரகதம், அது ஜெர்மன் அம்மை மாதிரி இருக்கு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வயித்துல மூணு மாசத்துக்குள்ள குழந்தை இருக்கிறவங்க கிட்டயே போகக்கூடாது" என்றார். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. பிரசவ வார்டிலிருந்து வருகிற நஞ்சுக்கொடியை நிறுத்து, மருந்துத் தண்ணீரில் போட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டுவது. அதனால் இந்த மாதிரி சங்கதி எல்லாம் என் காதில் விழும்.

சின்ன வயதில் எனக்கு இந்த அம்மை வந்து போயிற்று. உனக்கு வந்ததாக நினைவில்லை. உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள் நான், வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதனால் கேட்கிறேன். உனக்கு நாள் ஏதாவது தள்ளிப் போயிருக்கிறதா? போயிருந்தால் இந்த வருஷம் வராதே. கூழ் அடுத்த வருஷமும் ஊற்றுவார்கள்.

உண்டு என்று நீ எழுதினால் எனக்குப் பொறாமை வரும். பதிமூன்று வருஷமாக நான் காத்துக்கொண்டிருக்க, மூன்றே வருஷத்தில் உனக்கு என்றால் வராமல் இருக்குமா? மறைக்க மாட்டேன். ஆனாலும் உண்மையை எழுது.

உன் அக்கா,
மரகதம்


குடியாத்தம்
28.7.1996

பாசமுள்ள அக்காவுக்கு உன் தமயந்தி எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பது படித்து நிம்மதி. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

நீ கேட்ட மாதிரி ஒன்றும் இல்லை அக்கா. இருந்தால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்? சனிக்கிழமை மாலை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம். அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. எனக்குப் பூ வாங்கி வைக்காதே, நான் ஆம்பூரில் ஏறுகிற பூக்காரியிடம் வாங்கிக்கொள்கிறேன். பெங்களூர்ப் பூவில் வாசனை இல்லை.

மற்றவை நேரில்.

உன் பிரியமான தங்கை,
தமயந்தி


குடியாத்தம்
6.9.1996

பாசமுள்ள அக்காவுக்கு, தமயந்தி எழுதுவது. உன் உடம்பும் மாமாவின் உடம்பும் எப்படி? ஊர் வந்து சேர்ந்த மறுநாளே எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதம் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

கூழ் நன்றாக இருந்தது. பக்கத்து போர்ஷன் மமதாவுக்கு முகம் சரியாகிவிட்டதா? மூன்று வயதுக்கு என்ன பேச்சு! கன்னடம் பாதி, தமிழ் பாதி. போன மாதம் இருபதாம் தேதி வாக்கில் எனக்கும் முகத்தில் பொரிந்தது. அவளிடமிருந்துதான் வாங்கி வந்தேன் போலிருக்கிறது. அத்தை ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலையில் படுக்க வைத்து, மூன்று தண்ணீர் ஊற்றினார். டாக்டரிடம் போனால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று போகவில்லை. மூன்றே நாளில் இறங்கிவிட்டது, ஒரு தழும்புகூட இல்லை. அதனால் நீ கவலைப்படாதே.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தமயந்தி


நீலசந்திரா
14.9.1996

தமயந்திக்கு, மரகதம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஆத்தா வந்து போனது நல்லதுதான். உனக்குத்தான் நான் கேட்ட மாதிரி ஒன்றும் இல்லையே. அதனால் பயமில்லை. இருந்திருந்தால் வேறு பேச்சு.

நெத்திலிக் கருவாடு அன்றைக்கு உன் தட்டில் ஓரமாகவே கிடந்தது. நீ அதை ஒதுக்கி நான் பார்த்ததில்லை. உப்புக் கூடிவிட்டதோ என்று உன் மாமாவைக் கேட்டேன். அவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டவர், சரியாகத்தான் இருந்தது என்கிறார்.

எழுத மறந்தது ஏதாவது இருந்தால் சீக்கிரம் எழுது. தள்ளிப் போடாதே. காத்திருக்கிறேன்.

மரகதம்


குடியாத்தம்
20.10.1996

அன்புள்ள அக்காவுக்கு, உன் தங்கை தமயந்தி எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு இது ஐந்தாம் மாதம்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு எண்ணமில்லை. அத்தைதான், "மூணு மாசம் முடியற வரைக்கும் வெளியில வாயைத் தொறக்காத. அதுவும் உங்க அக்கா கிட்ட மூச்சு விடாத. பாவம், அவ நல்லவதான். ஆனா பெத்துக்காதவ கண்ணு, அவளையும் மீறிப் பட்டுடும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆனால் முதல் பிள்ளை அக்கா, பயமாகவும் இருந்தது. பயந்துதான் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டேன். மூன்று மாதம் முடிந்ததும் எழுத வெட்கம். அப்படியே நாள் போய்விட்டது.

நீ என்னைத் திட்டு. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
தமயந்தி


நீலசந்திரா
5.11.1996

தமயந்திக்கு அக்கா எழுதுவது. நல்ல செய்தி. நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இந்த வரியை முதலில் எழுதி முடித்துவிட்டேன். இனி என் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமைதான். தினம் என் மேசைக்குப் பத்து நஞ்சுக்கொடி வருகிறது. பத்தும் யாரோ ஒருத்தியுடையது. நிறுத்து, சீட்டு ஒட்டி, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் எரிச்சல் வந்ததில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வார்டுப் பக்கமே போக முடியவில்லை. எனக்கு இரண்டு கலைந்தபோது ஏன் கலைந்தது என்று ஒருத்தரும் எடுத்துப் பார்க்கவில்லை. வாளியோடு கொண்டுபோய்க் கொட்டினார்கள். என் எட்டு வயது முதல் உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். என் கண் உனக்குக் கெடுதல் செய்யும் என்று உன் மாமியார் சொன்னார், நீயும் நம்பினாய். பொறாமையை விட அதுதான் அதிகமாக எரிகிறது.

போகட்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் யாரும் குறுக்கே வரக்கூடாது. ஏழாம் மாதம் வளையல் போட்டு நான் அழைத்து வருகிறேன். சிவாஜிநகரில் கண்ணாடி வளையல் பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் வாங்கி வைத்துவிட்டேன். உன் கை அளவு இன்னும் இரண்டே கால்தானே?

அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து போ. சிஸ்டர் டோரீனிடம் சொல்லி உன் ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று கடிதத்தில் கேட்காதே. வா.

உன் அக்கா,
மரகதம்


குடியாத்தம்
18.1.1997

அன்பு அக்காவுக்கு தமயந்தி எழுதுவது. பொங்கல் நல்லபடியாக ஆயிற்றா? மாமாவுக்குப் பெயிண்ட் வாடையால் வந்த இருமல் நின்றதா? எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. மற்றபடி நலம்.

பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பமாட்டாய். ரத்தம் எடுக்க வேண்டாமாம். பிள்ளைக்குப் போகிற ரத்தத்தை ஏன் உறிஞ்சுகிறார்கள் என்று அத்தை கேட்கிறார். வளையல் பிப்ரவரி இரண்டாம் தேதி இங்கேயே போடுவதாக முடிவாகிவிட்டது. பிரசவமும் இங்கேதான். உன் வீட்டில் தண்ணீர்க் கஷ்டம், நீ வேலைக்குப் போய்விடுவாய், யார் பார்ப்பார்கள் என்று பேசினார்கள். உண்மையான காரணம் உனக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

நீயும் மாமாவும் அவசியம் வரவேண்டும். முதல் வளையலை நாத்தனார் கோமதி போடுகிறாள். இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதால். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் எனக்கு.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. ரத்தத்தில் என்ன பார்க்க வேண்டும் என்றாய்?

உன்,
தமயந்தி


குடியாத்தம்
24.3.1997

அக்கா மரகதம் அவர்களுக்கு தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கார்டு வந்து சேரும்போது தாங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 22ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.20க்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். எடை ஒன்றே முக்கால் கிலோ. கொஞ்சம் மெலிவு, போகப் போகத் தேறும் என்கிறார்கள். தமயந்தி நலம். வளையல் விழாவுக்குத் தாங்கள் வராதது அவளுக்கு மனக்குறை. தங்கை கோமதிக்கும் இப்போது நாலாம் மாதம். அவளும் இங்கேதான் வந்திருக்கிறாள். அம்மாவுக்கு இரட்டைச் சந்தோஷம். செவ்வந்தி என்று பெயர் வைக்கலாம் என்று எண்ணம். விவரம் பிறகு.

தங்கள்,
தணிகாசலம்


நீலசந்திரா
2.4.1997

என் தங்கைக்கும் என் மகளுக்கும் மரகதம் எழுதுவது. மகள் என்று எழுதிவிட்டேன், அதை அடித்துத் திருத்தவில்லை. செவ்வந்தி நல்ல பெயர்.

எழுந்து உட்கார முடிந்ததும் பதில் எழுது. பத்தியச் சாப்பாட்டில் பூண்டு நிறையப் போடச் சொல். நான் கேட்பதற்கு மட்டும் ஒன்றுவிடாமல் பதில் வேண்டும். பால் குடிக்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா? கண்ணின் கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதா, வெளிச்சத்தில் பிடித்துப் பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாரா? நஞ்சுக்கொடி எவ்வளவு எடை இருந்தது? பார்த்தவர்கள் யாராவது சின்னதாக, வெளுத்துப் போய் இருந்தது என்றார்களா? ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, அதற்குள் புதைத்துவிட்டார்களா?

இன்னொன்று. கோமதியைக் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று சொல். அவள் மட்டுமில்லை, முழுகாமல் இருக்கிற யாரும் ஒரு வருஷத்துக்கு இவளைத் தூக்கவோ, இவள் துணியைத் துவைக்கவோ வேண்டாம். சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

வளையல் என் பெட்டியில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான் என்ன கல்யாணத்துக்கு வந்த மூன்றாம் மனுஷியா? அதனால்தான் வரவில்லை.

உன் அக்கா,
மரகதம்


குடியாத்தம்
3.11.1997

அக்காவுக்கு தமயந்தி எழுதுவது. நீயும் மாமாவும் உடல்நலத்தோடு இருக்கிறீர்களா? ஏழு மாதமாக எழுதவில்லை. உன் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். பெற்ற பிள்ளையைத் தீட்டு மாதிரி யாரும் தொடக்கூடாது என்கிறாள், நஞ்சுக்கு எடை கேட்கிறாள், இவள் என்ன பொம்பளை என்று அத்தை குதித்தார். இனி பெங்களூருக்குக் கடிதம் போகக்கூடாது என்று உத்தரவு. நானும் கோபமாகத்தான் இருந்தேன். என் பிள்ளையைப் பார்க்க வராமல் கேள்வி மட்டும் கேட்கிறாயே என்று.

கோமதி மட்டும் அதைக் கேட்டுவிட்டு மறுநாளே புருஷன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். செப்டம்பரில் அவளுக்குப் பையன் பிறந்து நன்றாக இருக்கிறான்.

அக்கா, போன வியாழக்கிழமை தீபாவளி. வாசலிலேயே ஆயிரம் வாலா வெடித்தார்கள். தெருவே அதிர்ந்தது. தொட்டிலில் செவ்வந்தி தூங்கிக்கொண்டே இருந்தாள். "பாரேன், பயமே இல்ல, தைரியசாலிப் பொண்ணு" என்று அத்தை பெருமையாகச் சொன்னார். நான் உள்ளே போய்ப் பித்தளைத் தட்டை அவள் தலைமாட்டில் போட்டேன். அசையவில்லை. மறுபடி போட்டேன். அப்புறம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். அவராக வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும் வரை கத்தினேன்.

சனிக்கிழமை வேலூருக்கு எடுத்துப் போனோம். இரண்டு காதும் கேட்காது என்கிறார்கள். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "மாசமா இருக்கும்போது உடம்புல அம்மை மாதிரி ஏதாவது வந்துச்சாம்மா?" என்றுதான். அத்தை, "அதெல்லாம் இல்ல" என்று முந்திக்கொண்டார். நான், "வந்துச்சு, மூணாம் மாசம்" என்றேன். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

வழியெல்லாம் அத்தை, உன் கண்தான், நீ வயிறெரிந்ததுதான் பிள்ளையைப் பிடித்தது என்றார். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதத்தை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். கருவாடு, நஞ்சுக்கொடி, ரத்தம். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் எழுது.

தமயந்தி


நீலசந்திரா
9.11.1997

தமயந்திக்கு மரகதம் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

கூழ் ஊற்றிய அன்றைக்கே தெரியும்.

கருவாட்டை ஒதுக்கிவிட்டு நீ எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனாய். நான் சொம்போடு பின்னாலேயே வந்தேன். நீ குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாய். நான் அப்படியே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் இல்லை என்று எழுதினாளே, என் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பொய் சொல்கிறாளே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்து மமதாவின் அம்மா, "மரகதக்கா, மகூன ஸ்வல்ப நோட்கொள்ரி", கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளையை என் வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். மமதாவுக்கு முகமெல்லாம் சிவப்பு. நீ வந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். நாலு மணி வரை இறக்கவில்லை. உன் கன்னத்தோடு அவள் கன்னம்.

"இறக்குடி" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உனக்குத்தான் ஒன்றும் இல்லையே, பொய் சொன்னவளே அனுபவிக்கட்டும் என்று கரண்டியைப் போட்டுக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்தேனா என்று கேட்பாய். நினைக்கவில்லை என்று சொன்னால் பாதிப் பொய். அந்த நேரம் முழுக்க நான் எதையும் நினைக்க விரும்பவில்லை.

உனக்குப் பொரிந்தது என்று செப்டம்பரில் எழுதினாய். அப்போதாவது ஓடி வந்து ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் டாக்டர் உனக்கு விஷயத்தைச் சொல்லியிருப்பார். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருப்பீர்கள். அதற்கு நேரம் இருந்தது. நானோ, நீயாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்று கருவாட்டைப் பற்றி எழுதினேன். நீ சொன்னபோது ஐந்தாம் மாதம். என் பதில் உன்னிடம் வருவதற்குள் அந்த நேரமும் போய்விட்டது.

உன் மாமியார் சொல்கிற கண் இல்லை இது. நடந்தது என்ன என்று சிஸ்டர் டோரீன் எனக்கு மேசையில் ஒரு நஞ்சுக்கொடியை வைத்தே காட்டினார். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் அதில் கலப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஓடும், நடுவில் மெல்லிசாக ஒரு சவ்வு. சாப்பாட்டுச் சத்து அந்தப் பக்கம் போகும், கண்டதும் போகாது. நான் அதைச் சுவர் என்று நினைத்திருந்தேன். "சுவர் இல்ல மரகதம், வடிகட்டி. சிலது நுழைஞ்சிடும்" என்றார். இந்த அம்மைக் கிருமி தாயின் உடம்பில் மூன்று நாள்தான் வெளியே தெரியும். ஆனால் ரத்தத்தோடு நஞ்சுக்கொடிக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். அதில் இருக்கிற பொடி ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடும், ரத்த ஓட்டம் குறையும், அதனால்தான் பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ. அங்கிருந்து பிள்ளைக்குள் இறங்கும். முதல் மூன்று மாதத்தில்தான் காதும் கண்ணும் இதயமும் உருவாகிறது. அந்த நேரத்தில் போனால் உருவாகிறதைக் கெடுக்கும். அதே அம்மை ஏழாம் மாதம் வந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எந்த மூன்று மாதம் உன் மாமியார் வாயைத் திறக்காதே என்றாரோ, அதே மூன்று மாதம்.

செவ்வந்திக்குக் கண் தெளிவாக இருக்கிறது, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கவில்லை என்றால் அதுவே பெரிது. ஆனாலும் நெஞ்சை ஒரு தடவை காட்டிவிடுங்கள். கோமதியைத் தூக்க வேண்டாம் என்றது, அந்தக் கிருமி பிள்ளையிடமிருந்து ஒரு வருஷம் வரை மற்றவர்களுக்கு ஒட்டும் என்பதால்தான். காதுக்கு மெஷின் வைத்து, பேசச் சொல்லிக் கொடுக்கிற இடம் பெங்களூரில் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஆரம்பித்தால் நல்லது, தாயும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். விசாரித்து வைத்திருக்கிறேன். என் வீட்டில் தங்குங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போர்ஷனைக் காலி செய்து கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்.

பொறாமைப்பட்டேன் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். பொறாமையில் என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மரகதம்


குடியாத்தம்
17.11.1997

அக்காவுக்கு தமயந்தி எழுதுவது. எனக்கும் செவ்வந்திக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போடப் போனேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

குழாயடியிலிருந்து நிமிர்ந்தபோது உன் புடவைத் தலைப்பு கதவோரம் திரும்புவதை நான் பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. உள்ளே வந்தால் நீ என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அத்தை சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இவளுக்குத் தெரிந்தால் கண் படும், தெரியக்கூடாது, என்ன செய்வது? அப்போது மமதா வந்தாள். மாசமாக இருக்கிறவள் கிட்டவே போகக்கூடாது என்று நீதான் எழுதியிருந்தாய். நான் அவளைத் தூக்கினால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நீ நம்பிவிடுவாய் என்று தூக்கினேன். நீ நம்பும் வரை மடியில் வைத்திருந்தேன். நீ கூழைக் கிளறிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததும், அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நீ எழுதிய நோய் எனக்குப் பெரிதாகப் படவில்லை, அக்கா. உன் கண்ணுக்குத்தான் பயந்தேன்.

இதை எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என்றைக்கும் எனக்கு மறக்காது. மன்னித்துவிட்டேன் என்று எழுத மனசு வரவில்லை, பொய்யாகவும் எழுதப்போவதில்லை. இனிமேல் உனக்குப் பொய் எழுதமாட்டேன்.

அத்தையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நேற்று அவரே, "உங்க அக்கா வீட்டுக்குப் போ. அவளுக்கு விவரம் தெரியும்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். அவர் இரண்டு நாளில் திரும்பிவிடுவார். நான் எத்தனை வருஷம் ஆனாலும் அவள் பேசும் வரை அங்கேதான். போர்ஷனைக் காலி செய்ய வேண்டாம். நீ இல்லாமல் எனக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நில். அந்த வளையலைக் கொண்டு வா, எனக்கு இன்னும் இரண்டே கால்தான். நீதான் போட்டுவிட வேண்டும்.

செவ்வந்தி யாரைப் பார்த்தாலும் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். வாய் அசைவதைப் பிடித்துக்கொள்கிறாள். நீ ஓயாமல் பேசுகிறவள், உன்னிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்வாள். என்னை விட்டு உன்னிடம் தாவினால் எனக்குப் பொறாமை வரும், அக்கா. இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைக்க மாட்டேன்.

உன்,
தமயந்தி